முகத்தில் எழுதி ஒட்டியது

நான்காம் எண் பள்ளிப் பேருந்தில் நான் ஆறு வருடம் உதவியாளராக இருந்தேன். நடுவில் சில மாதம் தவிர, ஆறு வருடமும் ஓட்டுநர் ஒருவர்தான். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, தலைகளை எண்ணுவது, வாந்தி எடுத்தால் துடைப்பது, ஜன்னலுக்கு வெளியே நீளும் கையை உள்ளே இழுப்பது எல்லாம் என் வேலை. வண்டி அவர் பொறுப்பு. அவர் என்னைத் தங்கச்சி என்பார், நான் அவரை அண்ணே என்பேன். எங்களுக்குள் உறவும் இல்லை, ஒட்டும் இல்லை. தினமும் நாலு மணி நேரம் ஒரே தகரப் பெட்டிக்குள் குலுங்கினால் அப்படி ஒரு முறை தானாக வந்துவிடுகிறது.

அவர் குடித்து நான் பார்த்ததில்லை. அவரிடமிருந்து அந்த வாடை வீசியதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் நான் இதைச் சொல்லவில்லை.

முகம் சிவக்கத் தொடங்கியது நான்காவது வருடத்தில். அவர் மாநிறம். எங்கள் நிறத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரிவதில்லை. வெயிலில் கறுத்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். போகப் போகக் கன்னம் இரண்டும் மூக்கும் செங்கல் நிறத்துக்கு வந்தன. வெட்கப்பட்டவர் முகம் மாதிரி இருக்கும். வெட்கம் என்றால் கொஞ்ச நேரத்தில் போய்விடும், இது போகவில்லை. சூடாக ஒரு டீ குடித்தால் போதும், காது வரைக்கும் பரவும். ஆறு மாதத்தில் மூக்கைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள் வந்தன, நாற்பத்தைந்து வயதில். கண்களும் சேர்ந்து சிவந்தன. மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று சிக்னலுக்குச் சிக்னல் கசக்குவார்.

பிள்ளைகள் அவருக்குத் தக்காளி மாமா என்று பேர் வைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னும் முழுசாப் பழுக்கலைடா, பழுத்ததும் சொல்றேன்" என்பார். வண்டி முழுக்கச் சிரிக்கும்.

நோய் என்று ஒன்று வந்துவிட்டால் ஊரில் இருக்கிற எல்லோரும் வைத்தியர்கள்தானே. சவரக்கத்தியின் சூடு, படிகாரத்தைத் தேய் என்றார் முடிவெட்டுகிறவர். இரண்டாம் எண் வண்டி ஓட்டுநர் எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்க்கச் சொன்னார். கேட்டில் இருக்கும் காவலாளி, உடம்பில் சூடு ஏறிவிட்டது என்றார். அண்ணன் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அழுக்கினால்தான் இப்படி ஆகிறது என்று அவரே ஒரு முடிவுக்கு வந்து, ஒரு நாளைக்கு ஐந்து தடவை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். தேய்க்கத் தேய்க்க எரிந்தது. எரிய எரியத் தேய்த்தார்.

பிறகு மருந்துக் கடைக்காரர் ஒரு சின்ன டியூப்பைக் கொடுத்தார். ஒரே வாரத்தில் முகம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. காலையில் வண்டியில் ஏறினதும் ஏறாததுமாக என் பக்கம் திரும்பிக் கன்னத்தைக் காட்டி, "பாத்தியா தங்கச்சி, இத்தனை நாள் ஏமாந்துட்டேன்" என்றார். மருந்தை நிறுத்தினார். நிறுத்திய மூன்றாம் நாள், போனதற்கும் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தது. மறுபடி பூசினார், அடங்கியது. விட்டார், வந்தது. கடைசியில் விடவே இல்லை. எட்டு மாதமாக அந்த டியூப் அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகியிருக்கும். அடங்குகிற அளவு குறைந்துகொண்டே வந்தது, பூசுகிற அளவு கூடிக்கொண்டே போனது.

இந்த நிலையில்தான் அந்தப் புகைப்படம் வந்தது.

பாலத்தில் வேலை நடந்ததால் அன்று நாங்கள் பத்து நிமிடம் தாமதம். எங்கள் வண்டியில் இன்ஜின் உள்ளேயே இருக்கிறது, ஓட்டுநரின் முழங்காலுக்குப் பக்கத்தில். அந்த அனலும் காலை வெயிலும் சேர்ந்து அவர் முகம் கொதித்துக்கொண்டிருந்தது. அடுக்குமாடி வீடுகளின் வாசலில் ஒரு சிறுமியின் அம்மா, தாமதத்துக்காகச் சத்தம் போட்டார். அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மன்னிச்சுக்குங்க மேடம், பாலத்துல நெரிசல்" என்றார். அந்த அம்மா கையிலிருந்த போனை உயர்த்திப் பிடித்தார். நேரம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

நாங்கள் பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் அந்தப் படம் பெற்றோர் குழுவில் ஓடிக்கொண்டிருந்தது. 'இந்தக் கண்ணையும் மூக்கையும் பாருங்கள். காலை ஏழு மணிக்கே இப்படி. இவரை நம்பித்தான் பிள்ளைகளை அனுப்புகிறோம்.' அதன் கீழே நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். வண்டி ஆடி ஆடிப் போனதைத் தான் பார்த்ததாக ஒருவர். பேசும்போது வாடை அடித்ததாக இன்னொருவர். அவர் எங்கள் வண்டியிலிருந்து பத்தடிக்குள் ஒருநாளும் வந்தவர் இல்லை.

போக்குவரத்து மேலாளர் ஊதிப் பார்க்கும் கருவியை வரவழைத்தார். அண்ணன் ஊதினார். பூஜ்யம். இன்னொரு தடவை ஊதச் சொன்னார்கள். பூஜ்யம்.

"நல்லது. எனக்கு உங்க மேல சந்தேகம் கிடையாது" என்றார் மேலாளர். "ஆனா பெத்தவங்களுக்கு ஒரு திருப்தி வேணும் பாருங்க. தினமும் காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை ஊதிடுங்க. எதுக்கும் இருக்கட்டும்."

காலையில் ஊதுவது ஷெட்டுக்குள் நடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. மத்தியானம் ஊதுவது பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் ஸ்கூட்டர்களில் சாய்ந்து நிற்கும் நேரத்தில். எட்டு ஓட்டுநர்களில் ஒருவர் மட்டும் கேட்டருகே போய் நின்று, காவலாளி நீட்டும் கருவியில் கன்னம் உப்ப ஊதுவார். ஊதும்போது முகம் இன்னும் சிவக்கும். காவலாளி எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். ஆனால் அந்த எண் தூரத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாதே. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சிவந்த முகமும் ஒரு கருவியும்தான். "குடிக்காத ஆளை எதுக்குத் தினமும் ஊதச் சொல்லப் போறாங்க?" என்று ஒரு தகப்பனார் இன்னொருவரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

சின்ன வகுப்புப் பிள்ளைகள் பின் இருக்கையில் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார்கள். ஒருவன் பென்சில் பெட்டியை நீட்டி "ஊதுங்க மாமா, ஊதுங்க" என்பான். இன்னொருவன் ஊதிவிட்டுத் தள்ளாடி விழுவான். அதட்டி அடக்கினேன். அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.

அவர் மகளும் அதே பள்ளிக்கூடம்தான். ஆறாம் வகுப்பு. ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் இருப்பது அவளுடைய இடம். வேறு யாரும் உட்காரமாட்டார்கள். இந்தப் பென்சில் பெட்டி விளையாட்டு தொடங்கிய வாரம் அவள் கடைசி வரிசைக்குப் போனாள். அடுத்த மாதம் வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டாள். தோழியின் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார் என்று அண்ணன்தான் சொன்னார். வண்டியைச் சுற்றிவந்து டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நேத்து நேராவே கேட்டுட்டா தங்கச்சி. 'அப்பா, நீங்க நிஜமாவே குடிக்கிறீங்களா?'ன்னு. இல்லைம்மான்னேன். 'அப்புறம் ஏன் எல்லாரும் சொல்றாங்க?'ன்னா. அதுக்கு என்ன பதில் இருக்கு?"

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"அவ எதையும் கேக்கறதில்லை. அதான் கஷ்டம்."

அண்ணி ஒரு பட்டறையில் சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைக்கிறவர். அவருடைய அப்பா குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவர். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குக் கண் சிவந்த ஆண் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொள்ள எதிரே வருவாராம். முன்பெல்லாம் அப்படி வந்ததில்லை. டப்பாவை வாங்கும்போது ஒரு நொடி நின்று மூச்சை இழுப்பாராம்.

"ஒருநாள் நானே வாயைத் திறந்து காட்டினேன். 'நான் ஒண்ணும் கேக்கலையே'ன்னா. கேட்டுத் தொலைச்சிருந்தாக்கூட ஆறுதலா இருந்திருக்கும்."

கல்வியாண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது பெற்றோர் சிலர் கூட்டாக வந்து முதல்வரைப் பார்த்தார்கள். ஊதினால் வராத சரக்கெல்லாம் இருக்கிறது, மாத்திரை போடுகிறானோ என்னவோ என்றார்களாம். விசாரணை என்று மூன்று பேரை உட்கார வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

அந்த அறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேசைக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள், அதன் அடியில் அந்த வருடத்து நாள்காட்டி. என்னைப் போன்றவர்களுக்கு வேலை ஒவ்வொரு வருடமாகத்தான் நீட்டிப்பார்கள். நீட்டிக்க வேண்டிய காகிதங்கள் மேலாளரின் இடதுகைப் பக்கம் அடுக்காக இருந்தன. என்னுடையதும் அதில் ஒன்று.

"நீங்கதான் தினமும் கூடவே போறவங்க. அவர் குடிச்சிட்டு வந்ததுண்டாம்மா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள், நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் இவள்தான் நற்சான்று கொடுத்தாள் என்று என் தலையில் வந்து விடியுமே என்ற நினைப்பு முந்திக்கொண்டது. சத்தியமாக அவர்மேல் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

"நான் பின்னாடி பிள்ளைங்களோட இருப்பேன் சார். அவ்வளவு பக்கத்துல போய்க் கவனிச்சதில்லை."

"அப்போ குடிக்கலைன்னு உறுதியாச் சொல்ல முடியாது?"

"கவனிச்சதில்லைன்னுதான் சார் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா" என்று சொல்லிக்கொண்டே மேலாளர் எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போட்டேன்.

அண்ணனை ஓட்டுவதிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு நீக்கவில்லை. மறு உத்தரவு வரும்வரை ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில் வண்டிகளைக் கழுவ வேண்டும். மேலே கூரை கிடையாது. அவருக்குக் கொடுத்த கடிதத்தில், 'உடன் பணிபுரியும் உதவியாளரும் உறுதியாக மறுக்கவில்லை' என்று ஒரு வரி இருந்தது. மறுநாள் காலை நான் குடத்தோடு தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் மைதானத்துக்குப் போய், "அண்ணே" என்றேன்.

குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை.

"சொல்லுங்க மேடம்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பதில் அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

பினாயில் பட்டுப் பட்டு என் கைவிரல்கள் வெடிப்பதுண்டு. அதற்காக அரசு மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போய்ப் பழக்கம். அங்கே ஒரு டாக்டர் அம்மா இருக்கிறார், ஒருமுறை வாங்க, நான் கூட வருகிறேன் என்றேன். இரண்டு முறை தட்டிக் கழித்தார். மூன்றாம் முறை அவரே ஒப்புக்கொண்டார். காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டு கண்ணைத் திறக்கவே முடியவில்லையாம்.

நீளமான பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார். டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வேகமாகப் பேசுகிறவர். அண்ணனை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்துப் பார்த்தார். ஒரு கன்னத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்து, உடனே நிறம் திரும்பியது.

"டிரைவரா நீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கவில்லை.

"ஜன்னல் பக்கத்துக் கன்னம்தான் அதிகமா சிவந்திருக்கு, அதான் கேட்டேன். முகத்துல என்ன பூசறீங்க? ஒளிக்காமச் சொல்லணும்."

அண்ணன் பையிலிருந்து டியூப்பை எடுத்தார். டாக்டர் அதை வாங்கிப் பார்த்து, மேசைக்கு அடியிலிருந்த குப்பைக்கூடையில் போட்டார்.

"எத்தனை மாசம்?"

"ஒரு வருஷம் ஆகப்போகுதுங்க."

"இது ஸ்டீராய்டு. பூசின உடனே பளிச்னு இருக்கும். உள்ளே தோலை மெலிசாக்கிடும். உங்களுக்கு முதல்ல வந்தது ஒரு நோய், அதுக்கு மேல இந்த மருந்து ஒரு நோயைக் கொண்டுவந்து வச்சிருக்கு." பிறகு கொஞ்சம் நிதானமாகச் சொன்னார். "வந்திருக்கறதுக்குப் பேர் ரொசேசியா. முகத்துல இருக்கற சின்ன ரத்தக் குழாய்ங்க சட்டுனு விரியும், விரிஞ்சா சீக்கிரம் சுருங்காது. கண்ணுலயும் வரும், உங்களுக்கு வந்திருக்கு. யாருக்கும் ஒட்டாது. ஏன் வருதுன்னு முழுசா யாருக்கும் தெரியாது. அடியோட போகும்னு நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா அடக்கி வைக்கலாம். நம்ம நிறத்துல இது சட்டுனு கண்ணுக்குத் தெரியாது, அதனால நிறைய பேர் இப்படி முத்தவிட்டுத்தான் வர்றாங்க."

அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "டாக்டரம்மா, இது குடிக்கறதால வருதா?"

"குடிக்கறவங்களுக்கு இது கூடும். ஒரு சொட்டுகூடக் குடிக்காதவங்களுக்கும் வரும். நீங்க குடிப்பீங்களா?"

"இல்லைங்க."

"அப்போ இல்லை" என்றார் டாக்டர், சீட்டில் எழுதிக்கொண்டே. அவ்வளவுதான். அண்ணன் சொன்னதை யாரோ ஒருவர் அப்படியே நம்பி நான் பார்த்தது ஒரு வருடத்தில் அது ஒருமுறைதான். அண்ணன் கண்ணைக் கசக்குகிற மாதிரி பாவனை செய்தார்.

சோப்பு கூடாது, படிகாரமும் எலுமிச்சையும் கிட்டே வரக்கூடாது என்றார் டாக்டர். மணமில்லாத ஒரு திரவம் எழுதித் தந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் விரல் நுனியால் கழுவி ஒற்றி எடுக்கச் சொன்னார். வெயிலில் இறங்கும் முன் சன்ஸ்கிரீன், தலைக்கு அகலத் தொப்பி. இமைகளுக்குக் காலையும் மாலையும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி. ஒரு களிம்பு, மூன்று மாதத்துக்கு மாத்திரை. டீயை ஆறவைத்துக் குடிக்க வேண்டும். எது பட்டால், எதைத் தின்றால், எங்கே நின்றால் முகம் எரிகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னார். ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொன்று ஆகாது, அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நோயாளியின் வேலை என்றார். கிளம்பும்போது, "அந்த டியூப்பை நிறுத்தினதும் மூணு நாலு வாரம் படு மோசமாகும். பயந்து திரும்பப் பூசிடாதீங்க" என்றும் எச்சரித்தார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் கேட்டோம். 'இது தோல் நோய், மதுப்பழக்கத்தின் அடையாளம் அல்ல' என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தை அண்ணன் மேலாளரிடம் கொண்டுபோனது டியூப்பை நிறுத்திய பத்தாவது நாள். முகம் வீங்கி, தோல் உரிந்து, வெந்த மாதிரி இருந்த நேரம். மேலாளர் கடிதத்தைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். "முன்னைக்கு இப்போ ரொம்ப அதிகமாயிடுச்சே" என்றார். கடிதத்தை ஃபைலில் வைக்கச் சொல்லி எழுத்தரிடம் கொடுத்தார். எழுத்தர் துளை போட்டு நூலில் கோத்தார். அதோடு சரி.

அண்ணன் நோட்டு போட்டார். மகளின் பழைய கணக்கு நோட்டில் மீந்த பக்கங்கள். வண்டி கழுவும் இடத்தில் ஒரு ஆணியில் தொங்கும். அவர் இல்லாதபோது ஒருநாள் புரட்டினேன். 'பதினொரு மணி வெயில். எரிச்சல் அதிகம்.' 'மிளகாய் போட்ட குழம்பு. அரை மணியில் ஏறியது.' 'ஆறின டீ. ஒன்றும் இல்லை.' 'கேட்டில் யாரோ சிரித்தார்கள். என்னைத்தானா தெரியாது. ஏறியது.' 'மகள் பேசவில்லை. ஏறியது.' 'மகள் பேசவில்லை. ஏறவில்லை.' நோட்டை மூடி இருந்தபடியே மாட்டிவிட்டு வந்தேன்.

ஐந்தாவது வாரத்தில் வீக்கம் வடிந்தது. மூன்றாம் மாதம் பருக்கள் போயின. கண்ணின் வெண்பகுதி மறுபடி வெள்ளையாகத் தெரிந்தது. மதிய நேரத்தில் வண்டி கழுவுவதைத் தானாகவே விடிகாலைக்கு மாற்றிக்கொண்டார். நாலாம் மாதம் யாரும் திரும்பிப் பார்க்காத முகம் அவருக்கு இருந்தது. கூர்ந்து பார்த்தால் மூக்கோரம் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரியும், அவ்வளவுதான்.

மேலாளருக்குப் பரம சந்தோஷம். புதிதாகப் போட்ட ஓட்டுநர் இரண்டு தடவை வண்டியைத் தூணில் இடித்திருந்தார் என்பதும் ஒரு காரணம். பெற்றோர் கூட்டம் நடந்த சனிக்கிழமை, அண்ணனைச் சுத்தமான சீருடையில் வரச் சொன்னார்கள். அண்ணியும் மகளோடு வந்து நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். மதிப்பெண், கட்டடம் எல்லாம் பேசி முடித்த பிறகு முதல்வர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"தப்பு செய்யறது மனுஷ இயல்பு. அதை உணர்ந்து, ஒரு கெட்ட பழக்கத்தை அடியோட விட்டுட்டு வர்றதுக்குப் பெரிய மனசு வேணும். நம்ம நாலாம் எண் வண்டி டிரைவர் அதைச் செஞ்சு காட்டியிருக்கார். இந்த நாலு மாசத்துல அவர் முகமே மாறியிருக்கறதை நீங்களே பார்க்கலாம். திங்கக்கிழமையிலேருந்து அவர் திரும்ப வண்டி ஓட்டுவார்."

கை தட்டினார்கள். படம் பிடித்துப் போட்ட அந்த அம்மா எழுந்து நின்று தட்டினார். கண் கலங்கியிருந்தது, பாவம், மனதாரத்தான் தட்டினார்.

அண்ணன் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கழுத்திலிருந்து சிவப்பு ஏறுவதை நான் பார்த்தேன்.

"ஐயா, நான் குடிச்சதே இல்லை" என்றார். ஒலிபெருக்கி இல்லாததால் முன் இரண்டு வரிசைக்குத்தான் கேட்டிருக்கும்.

முதல்வர் அவர் தோளில் கை வைத்து, "பழசெல்லாம் எதுக்கு? விட்டாச்சு, அதோட முடிஞ்சுது" என்றார் அன்பாக.

நான் எழுந்தேன். "சார், அவர் சொல்றது நிஜம். நான் ஆறு வருஷம் அதே வண்டியில போனவ. அவர் ஒருநாளும் குடிச்சிட்டு வந்ததில்லை. அது தோல் வியாதி. டாக்டர் கடிதம் உங்க ஃபைல்லதான் இருக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"அன்னைக்கு உங்களைக் கூப்பிட்டுக் கேட்டோமே, அப்போ இப்படிச் சொல்லலையேம்மா?" என்றார்.

நல்ல காரியம் நடக்கும்போது ஏன் கிளறுகிறாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அண்ணியைப் பார்க்கப் பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு பெரிய சோபா உறையை மடியில் போட்டுக்கொண்டு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னது, டியூப், நான் கையெழுத்துப் போட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். தையலை நிறுத்தாமல் கேட்டார். நூல் அறுந்தபோதுதான் நிமிர்ந்தார்.

"அவர் விட்டுட்டார்னு நினைச்சு நான் மன்னிச்சிட்டேன்" என்றார். "பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன், அப்பா திருந்திட்டாருடீன்னு. அவளும் மறுபடி முன் சீட்டுல போய் உக்காந்துக்கிட்டா. வீட்டுல இப்போதான் சிரிப்பு கேக்குது."

"அண்ணி, அவர் திருந்தறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லை."

"புரியுது." ஊசியில் நூலைக் கோத்தார். இரண்டு முறை தவறியது. "அவர் குடிக்கவே இல்லைன்னா, இந்த ஒன்றரை வருஷம் நான் அவரை மோந்து பாத்துட்டு இருந்தேனே, அதுக்கு என்ன பேரு? அவர் தட்டுல சோத்தைப் போட்டுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டேனே, அதை எங்க கொண்டுபோய் வைக்கறது? நீங்க போங்க. இதை எங்க வீட்டுல வந்து பேசிடாதீங்க."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்கு மேல் பேசினால் அந்தச் சத்தத்தில் கேட்காது.

பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போய், விசாரணையில் என் பேரில் எழுதிய வரியைத் திருத்த வேண்டும் என்றேன். ஃபைல் மூடியாகிவிட்டது என்றார் எழுத்தர். மனுவாகக் கொடுங்கள், சேர்த்து வைக்கிறேன் என்றார். உட்கார்ந்து எழுதினேன். அவர் ஒருநாளும் குடித்துவிட்டு வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும், அன்று பயத்தால் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்தர் முத்திரை குத்தி ஒரு நகல் தந்தார். வருட முடிவில் என் வேலையை நீட்டிப்பார்களா என்று யோசித்தேன். நீட்டித்தார்கள். அந்த மனுவை யாரும் படிக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எழுத்தர் தந்த அன்றே நகலை அண்ணனிடம் கொடுத்தேன். வண்டி ஷெட்டில் நின்றிருந்தது. அகலத் தொப்பியைக் கழற்றி இன்ஜின் மூடிமேல் வைத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் நின்று படித்தார். எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். "தேதிதான் ஆறு மாசம் தள்ளிப் போயிருக்கு."

நாலாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். நான் ஏறி என் இடத்தில் நின்றேன்.

அந்தக் கல்வியாண்டு முடியும்வரை ஓட்டினார். ஊதச் சொல்லும் பழக்கத்தை எடுத்துவிட்டார்கள். பெற்றோர்கள் வாசலில் அவரைப் பார்த்தால் கை காட்டினார்கள், "இப்படியே இருங்க" என்று ஊக்கம் கொடுத்தார்கள். அவரும் தலையை ஆட்டுவார். வருடம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டார். குளிர்பதனக் கிடங்கு ஒன்றுக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறாராம், ஓட்டுநர் அறைக்கும் குளிர்சாதனம் உண்டு, முகத்துக்கு நல்லதுதான் என்று இரண்டாம் எண் வண்டி ஓட்டுநர் சொன்னார். அங்கே சேர்ந்த முதல் நாளே, கேட்காமலேயே டாக்டர் கடிதத்தின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தாராம். இது எதுக்கு என்று கேட்டார்களாம் அவர்கள்.